எந்தப் போட்டோ எடுக்கத் தகுந்தது? வீட்டுக்கு வீடு நடக்கும் தகராறுக்கு ஒரு விளக்கம்

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரதவீதியில் போனைத் தூக்கிப் பிடிக்காத கையைப் பார்ப்பது கஷ்டம். நெல்லையப்பர் தேர் அசைந்து வருவதைப் படம் எடுப்பதில் யாருக்கும் யாரோடும் தகராறு கிடையாது. அதே ஆள் மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கும் ஆச்சியை ஒரு படம் எடுக்கட்டும், வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். "இதப் போயி எதுக்குல எடுக்க? நல்ல சேல கட்டிட்டு வாரேன், அப்புறம் எடு" என்பார் ஆச்சி. "போன்ல இடமில்லன்னு பொலம்புவான், எடுக்கது பூரா இப்படித்தான்" என்பார் அப்பா. மதினி மட்டும் "எனக்கு அதை அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்று, "அவங்களுக்கு ரசனை இல்ல". இன்னொன்று, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை எடுக்கணும்னு தெரியல". இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் போதாது. ஒரே வயசு, ஒரே வளர்ப்பு உள்ள அக்காளும் தங்கையும் இதே சண்டையைப் போடுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் "அடுப்படியை எதுக்கு எடுக்க, பிலிம் வேஸ்ட்" என்று சொன்ன அதே ஆள் இன்றைக்கு "நம்ம பழைய அடுப்படி எதிலயாவது விழுந்திருக்கா பாரு" என்று ஆல்பத்தைப் புரட்டுகிறார். ரசனை, தலைமுறை என்று சொன்னால் இதற்குப் பதில் கிடைக்காது. கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும்.

பரணில் ஒரு அண்டா

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கலியாணம் காட்சின்னா வேணும், இருக்கட்டும்" என்கிறார் அம்மா. "இப்ப எல்லாம் காண்ட்ராக்ட் சமையல், எடைக்குப் போட்டா நல்ல ரூவா வரும்" என்கிறான் மகன். புளி போட்டு விளக்கி வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடலாம் என்று மகளுக்கு ஆசை. சித்தி ஒன்றும் பேசாமல் அண்டாவின் கழுத்தில் வெட்டியிருக்கும் தன் அம்மா பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் வேண்டாம்னா எனக்குக் குடுங்க" என்கிறார்.

"இதை வச்சுக்கலாமா வேண்டாமா" என்ற ஒரே கேள்விக்குத்தான் நாலு பேரும் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். நிஜத்தில் ஒருத்தருக்கு அது பாத்திரம், ஒருத்தருக்கு உலோகம், ஒருத்தருக்கு அலங்காரம், ஒருத்தருக்குத் தாயார். அண்டாவைப் பற்றி எவ்வளவு நேரம் வாதாடினாலும் முடிவு வராது, ஏனென்றால் வாதம் அண்டாவைப் பற்றியதே இல்லை.

சுருக்கமாக: பொருள் ஒன்று, அதனிடம் எதிர்பார்க்கும் வேலை ஆளுக்கு ஒன்று. போட்டோவிலும் இதுதான் நடக்கிறது. இனி போட்டோவுக்கே போவோம்.

ஒரு படம் என்னென்ன வேலை செய்கிறது

முதல் வேலை சாட்சி. கலியாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கடை திறப்பு: இது நடந்தது, இன்னார் வந்தார்கள், இன்னார் மேடையில் எங்கே நின்றார்கள் என்பதற்கான ஆதாரம். நம் ஊர்க் கலியாண ஆல்பத்தில் முக்கால்வாசி இந்த வேலைதான். அதனால்தான் அதில் எல்லார் முகமும் தெரிய வேண்டும், எல்லாரும் நேராக நிற்க வேண்டும், யாரும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் பத்து வருஷம் கழித்தும் "எங்களைப் போட்டோவுக்குக் கூப்பிடவே இல்ல" என்ற பேச்சு இருக்கும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சடங்கான பிள்ளைக்கோ, வளைகாப்புப் போட்ட பெண்ணுக்கோ ஜடை நிறையப் பூத் தைத்து, ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி எடுத்திருப்பார்கள். முன்னால் முகம், கண்ணாடியில் ஜடை. ஒரே பிலிமில் இரண்டு சாட்சி. என்ன யோசனை பாருங்கள்! மணிக்கணக்காக உட்கார்ந்து தைத்த பூ சாயங்காலம் வாடிவிடும், அது இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று ஒரு ஊரே நினைத்திருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடிச் சேகரித்து டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது.

இரண்டாவது வேலை காட்டுவது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது, மெயினருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாயிற்று. அதன் ஆயுள் ஒரு நாள். இதைப் பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. துபாயில் வேலை பார்க்கிற பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அம்பாசமுத்திரத்துக்கு அனுப்புகிறான் என்றால் அது "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்குப் பதில். பேச்சுக்குப் பதிலாகப் படம். பேசியதை யாரும் சேர்த்து வைப்பதில்லை, இதையும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை, அதற்காக அது வீண் ஆகிவிடாது.

மூன்றாவது வேலை நினைவு. நாளைக்கோ இருபது வருஷம் கழித்தோ நாமோ நம் பிள்ளைகளோ பார்ப்பதற்கு. பூக் கட்டும் ஆச்சி இந்தக் கணக்கில் வருவார்.

நாலாவது, படம் என்ற முறையிலேயே படம். பத்தமடையில் பாய்க்காகக் கோரை காயப் போட்டிருக்கும், அதன் மேல் விழும் வெயிலுக்காக ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறார். யாருடைய பாய், யார் வீடு என்பது அவருக்கு முக்கியம் இல்லை. வெளிச்சமும் கோடும் நிறமும் சரியாக அமைந்ததா என்பதுதான் கேள்வி.

இவை போக, கரண்ட் மீட்டர், பஸ் நேரப் பலகை, மருந்துச் சீட்டு என்று குறிப்புக்காக எடுப்பது உண்டு. அதில் யாரும் சண்டை போடுவதில்லை, விட்டுவிடலாம்.

இப்போது திண்ணைக்கு வாருங்கள். ஆச்சி சாட்சிப் படத்தை நினைத்துப் பேசுகிறார். சாட்சிப் படத்துக்கு நல்ல சேலைதான் பொருத்தம், அவர் சொல்வது முழுக்க நியாயம். அப்பா இடத்தையும் செலவையும் கணக்குப் பார்க்கிறார். மதினி நினைவுப் படத்தைப் பார்க்கிறார். நாலாவது வகைக்காரர் யாராவது அங்கே இருந்தால், "பின்னால ஈரத்துண்டு தொங்குது, கொஞ்சம் நகர்ந்து எடுத்திருக்கலாம்" என்றிருப்பார். எல்லாருமே அவரவர் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள்.

சுருக்கமாக: சாட்சி, காட்டுவது, நினைவு, படம். ஒரு வேலைக்கு எடுத்த படத்தை இன்னொரு வேலையின் அளவுகோலால் அளந்தால் அது எப்போதும் தோற்கும்.

ரோல் பழக்கிய கண்

அளவுகோல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காசில் இருந்து.

1839-ல் பாரிஸில் டாகேர் என்பவர் படம் எடுக்கும் தன்னுடைய முறையை அறிவித்தபோது ஒரு படம் என்பது வெள்ளி பூசிய ஒரு செப்புத் தகடு. ஒன்றுக்கு ஒன்றுதான், பிரதி போட முடியாது. ஆள் அசையாமல் உட்கார வேண்டும். அப்படி ஒரு காலத்தில் யார் போய் அடுப்படியை எடுப்பார்கள்? 1888-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மேன் என்பவர் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். 100 படம் எடுக்கும் சுருள் உள்ளேயே இருக்கும், முடிந்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும், அவர்கள் கழுவி பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900-ல் அதே கம்பெனியின் பிரௌனி கேமரா ஒரு டாலருக்கு வந்தது. சாதாரண ஆட்கள் சாதாரண விஷயத்தை எடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே அப்போதே பரவ ஆரம்பித்தது.

நம் பக்கத்துக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. தொண்ணூறுகள் வரை பெரும்பாலான வீடுகளில் கேமரா கிடையாது. ஒரு தெருவில் ஒருவர் வீட்டில் இருக்கும், அதுவும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வந்த சொந்தக்காரர் கொண்டு வந்ததாக இருக்கும். ஒரு ரோலில் 36 படம். அந்த 36-ஐ தீபாவளிக்குக் கொஞ்சம், பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம், பாபநாசம் போனபோது கொஞ்சம் என்று இழுத்து இழுத்து எடுப்பார்கள். ரோல் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. கண்ணை மூடிவிட்டால் அந்தக் காசு போயிற்று.

அப்படி வளர்ந்தவர்கள் மனசில் ஒரு கேள்வி ஊறிப்போய்விட்டது: "இது ஒரு பிலிமைச் செலவழிக்கத் தகுந்ததா?" போனோடு வளர்ந்தவர்களின் கேள்வி வேறு: "இதை அழிக்கத் தகுந்ததா?" முன்னவர்கள் எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்தார்கள், பின்னவர்கள் எடுத்த பிறகு முடிவு செய்கிறார்கள். அப்பாவும் மகனும் போடும் சண்டையில் பாதி, முடிவு எடுக்க வேண்டிய நேரம் இடம் மாறிவிட்டதால் வருவது.

இதில் நான் கவனித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. விசேஷம் முடிந்துவிட்டது, ரோலில் இரண்டு மூன்று பிலிம் பாக்கி. முடித்தால்தான் கழுவக் கொடுக்க முடியும். "சும்மா எதையாவது எடுத்து ரோலை முடி" என்பார்கள். அந்தக் கடைசி இரண்டு மூன்றில் என்னென்னவோ விழுந்திருக்கும்: படியில் சாய்த்து வைத்த சைக்கிள், ஆட்டுரலில் மாவாட்டும் அம்மா தலையை நிமிர்த்தி "ஏ, என்னைய எதுக்கு" என்று கையை நீட்டியது, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை, சுவரில் கரி, அதன் மேல் பால் கணக்கு எழுதிய சாக்பீஸ் கோடு. எடுத்த அன்று இவற்றை யாரும் ஆல்பத்தில் சொருகக்கூட இல்லை, நெகட்டிவ் கவருக்குள் கிடக்கும். இன்றைக்கு ஒரு குடும்பம் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்க்கும்போது எதில் நேரம் போகிறது என்று பாருங்கள். மேடைப் படங்களை மளமளவென்று தள்ளிவிடுகிறார்கள். இந்தப் படம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. "ஏட்டி, இது நம்ம பழைய வீட்டு அடுப்படில்லா!"

ஏன் கை நிற்கிறது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், காசைத் தாண்டி இன்னொரு அளவுகோல் இருக்கிறது.

முட்டைக்கோஸ் நல்ல படமா?

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1960-களில் இதையே ஒரு ஆராய்ச்சியாகச் செய்தார். தென்மேற்கு பிரான்ஸில் தான் பிறந்த பேயார்ன் பகுதி கிராமத்தில், படம் என்றால் கலியாணத்துக்கும், பிள்ளைகளுக்குச் சர்ச்சில் நடக்கும் முதல் நற்கருணைச் சடங்குக்கும்தான் என்று மக்கள் இருந்ததை அவர் பார்த்தார். தினமும் பார்க்கிறதைப் போய் எதற்கு எடுக்க என்ற எண்ணம் அங்கேயும் உண்டு. நம் ஊர் ஆச்சி அங்கே போனால் பேச ஆள் இருந்திருக்கும்.

அப்புறம் அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துக் கேட்டார். கடலில் சூரியன் மறைவது, முதல் நற்கருணை, நாட்டுப்புற நடனம், மரப்பட்டை, முட்டைக்கோஸ், பாம்பு, கார் விபத்து. இதையெல்லாம் எடுத்தால் அழகான படம் வருமா, சுவாரஸ்யமான படமா, அர்த்தமில்லாததா, அசிங்கமானதா? அதிகம் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் சூரிய அஸ்தமனமும் நற்கருணையும் அழகு என்றார்கள், மரப்பட்டையும் முட்டைக்கோஸும் அர்த்தமில்லாதது என்றார்கள். மேல்படிப்புப் படித்தவர்களிடையே பதில் வேறு பக்கம் சாய்ந்தது: அஸ்தமனம் எல்லாரும் எடுத்துச் சலித்தது, முட்டைக்கோஸை எடுக்கிற விதத்தில் எடுத்தால் நல்ல படம் வரும்.

இதில் இருந்து அவர் சொன்னது: எதை எடுக்கத் தகுந்தது என்று ஒருவருக்குத் தோன்றுவது தன்னிச்சையான ரசனை இல்லை, அவர் வளர்ந்த வீடும் படித்த படிப்பும் புழங்கும் ஆட்களும் சேர்ந்து பழக்கிவிட்டது. நம் பக்கத்தில் குற்றாலத்தையும் மணிமுத்தாறையும் எடுப்பவரைப் பார்த்து "இதையேதான் எல்லாரும் எடுக்கான்" என்று ஒருவர் முகம் சுளிக்கிறார் என்றால், அவரும் தன் கூட்டத்தின் பழக்கத்தைத்தான் காட்டுகிறார். அருவியை எடுப்பவரைவிட அவர் எந்த விதத்திலும் உயர்ந்துவிடவில்லை.

பூர்தியுவின் விளக்கம் எனக்கு ஏற்புடையதுதான், ஆனால் ஒரு இடத்தில் அது கை கொடுக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்று சொல்கிறது. ஒரே ஆளுக்கு வருஷம் போகப் போக ஏன் மாறுகிறது என்று சொல்லவில்லை. சாக்பீஸ் கணக்கு எழுதிய சுவரில் கை நின்றதே, அப்படிக் கை நின்றவரின் படிப்பும் வர்க்கமும் மாறிவிடவில்லையே.

சுருக்கமாக: என்ன வேலைக்கு என்பது ஒன்று, செலவு எவ்வளவு என்பது இரண்டு, எப்படி வளர்ந்தோம் என்பது மூன்று. மிச்சம் இருப்பது காலம். இதில்தான் உண்மையான சூட்சுமம் இருக்கிறது.

மூளை எதை விட்டுவிடுகிறது

மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று, பழகிப்போதல். ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குக் காட்டும் கவனத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குத்தான் இந்தப் பெயர். திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கு ராத்திரி ரயில் சத்தம் கேட்பதில்லை, விருந்தாளிக்குத்தான் தூக்கம் வராது. கண்ணுக்கும் இதே கதை. தினமும் பார்க்கிற அடுப்படி உங்கள் கண்ணில் படுவதே இல்லை, அதனால் எடுக்கத் தகுந்த எதுவும் அங்கே இருப்பதாகத் தோன்றாது.

இரண்டு, கலந்துபோதல். ஒரே மாதிரி நடக்கும் நாட்களை மூளை தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல் ஒன்றாகக் கரைத்து ஒரு பொதுவான நினைவாக ஆக்கிவிடும், அதை இப்படிச் சொல்கிறேன். வேண்டுமானால் இப்போதே சோதித்துப் பாருங்கள். நீங்கள் பத்தாம் வகுப்புப் படித்தபோது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்ன சாப்பிட்டீர்கள், யார் தலை வாரிவிட்டார்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்? ஒன்றும் வராது. "இட்லிதான் இருக்கும்" என்று பொதுவாகத்தான் வரும். அக்கா கலியாண நாளைக் கேட்டால் மழை பெய்ததுவரை சொல்வீர்கள். விசேஷ நாள் தன் காலில் நிற்கும், அதற்குப் படத்தின் உதவி கொஞ்சம் போதும். சாதாரண நாள் ஒன்றுகூடத் தனியாக நிற்பதில்லை. நாம் செய்வது இதற்கு நேர் எதிர்: தானாக நிற்கும் நாளுக்கு ஆயிரம் படம், கரைந்துபோகும் நாளுக்கு ஒன்றும் இல்லை.

மூன்று, நினைவுத் தூண்டி. உள்ளே இருந்தும் தானாக எட்டாத ஒரு நினைவை இழுத்து வெளியே கொண்டுவரும் சின்ன அடையாளம்: ஒரு வாசனை, ஒரு பாட்டு, சுவரில் ஒரு கோடு. எது நல்ல தூண்டி என்பதைப் பற்றி எண்டெல் துல்விங் என்ற உளவியலாளரும் தாம்சன் என்பவரும் 1973-ல் ஒரு கொள்கையை எழுதினார்கள். நினைவு பதிந்த அந்த நேரத்தில் கூடவே இருந்த அடையாளம்தான் அதை நன்றாகத் தூண்டும் என்பது அதன் சாரம். மேடைப் படத்தில் இருக்கும் வாடகைப் பந்தலும் பிளாஸ்டிக் பூவும் அந்த ஒரு நாள்தான் உங்களோடு இருந்தன. ரோலை முடிக்க எடுத்த படத்தில் இருக்கும் சைக்கிளும் கொடியும் கரியும் வருஷக்கணக்காக உங்களோடு இருந்தவை. அதனால்தான் அந்தப் படம் தன் சட்டத்துக்குள் இல்லாததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது, பால்காரர் பெயரையும்கூட.

இதை நாம் முன்கூட்டியே கணிக்கிறோமா? இல்லை. 2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் சமீபத்தில் பேசிய ஒரு பேச்சு, கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகள், தங்களுக்குள் மட்டும் புரியும் ஒரு ஜோக் என்று சில சாதாரண விஷயங்களை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்க எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்றும் யூகித்தார்கள். நிஜமாகவே மூன்று மாதம் கழித்தபோது ஆர்வம் யூகத்தைவிடக் கூடுதலாக இருந்தது. இன்னொரு சோதனையில் காதலர்கள் ஒரு சாதாரண நாளைப் பற்றியும் காதலர் தினத்தைப் பற்றியும் எழுதினார்கள். காதலர் தினக் குறிப்பின் மதிப்பை ஓரளவு சரியாகவே கணித்தவர்கள், சாதாரண நாள் குறிப்பைத்தான் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

ஆக, ஒரு படத்துக்கு இரண்டு விலை இருக்கிறது. எடுக்கும் நாளின் விலை, பார்க்கும் நாளின் விலை. "இது எதுக்கு" என்கிறவர் முதல் விலையைச் சொல்கிறார், "எனக்கு அனுப்பு" என்கிறவர் இரண்டாவது விலையைச் சொல்கிறார். தேர்ப் படத்துக்கு இரண்டு விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் அங்கே சண்டை இல்லை. பூக் கட்டும் ஆச்சிக்கு இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

சில சமயம் அந்தத் தூரம் ஒரே நாளில் தாண்டிப் போய்விடும். மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். 2024-ல் தோட்டத்து வேலை நிறுத்தப்பட்டு, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் போகும் நிலை வந்தது. அதற்கு முந்தின வருஷம்வரை வீட்டு வாசலையும் தண்ணீர்க் குழாயையும் படம் எடுப்பது அவர்களுக்கு அநாவசியமாகத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஊரை விட்டுக் கீழே இறங்க வேண்டும் என்று ஆனபோது அந்த வாசலின் விலை என்ன என்பதை அங்கே பிறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

யாருக்கு என்பதும் உண்டு

பார்க்கும் நாளின் விலையும் எல்லாருக்கும் ஒன்று இல்லை. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1980-ல் புகைப்படம் பற்றி எழுதிய நூலில், இறந்துபோன தன் தாயாரின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நூலில் வேறு பல படங்களை அச்சிட்டவர் அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. தனக்குத்தான் அது அந்தப் படம், மற்றவர்களுக்கு அது சாதாரணமான இன்னொரு பழைய படம் என்பது அவர் காரணம். நினைவுப் படத்தை அந்நியரிடம் காட்டி "நல்லாருக்கா?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் காலம் ரொம்பப் போனால் அந்நியருக்கும் விலை வந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் முகத்துக்கு இல்லை, பின்னணிக்கு. ஜங்ஷன் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அங்கே நின்று ஒரு குடும்பம் எப்போதோ எடுத்துக்கொண்ட படம் இருந்தால், அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்களும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பின்னால் தெரியும் கடைப் பலகைக்காக, நிற்கும் பஸ்ஸுக்காக.

அப்படியானால் எல்லாத்தையும் எடுத்துத் தள்ளலாமா?

கூடாது. இரண்டு காரணம்.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படமும் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருட்கள் குறைவாகத்தான் நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு இந்த நஷ்டம் வரவில்லை, எந்தப் பகுதி என்று முடிவு செய்யவே நன்றாகப் பார்க்க வேண்டியிருந்ததே. எனவே எண்ணிக்கை உதவாது, பார்த்து எடுப்பது உதவும். ஆச்சியை அறுபது தடவை எடுப்பதைவிட, நாரை விரலில் சுற்றிப் பூவை வைத்து முடிச்சுப் போடும் அந்தக் கையை ஒரு தடவை எடுங்கள்.

இரண்டாவது காரணம் ஆச்சியேதான். படம் எடுக்கப்படுகிறவருக்கு இதில் முழு உரிமை உண்டு, நினைவு முக்கியம் என்ற பெயரில் அதை மிதித்துவிடக் கூடாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது "வேண்டாம்ல" என்பவர்கள் அதற்காகச் சொல்வதில்லை. பழைய சேலையில், வாராத தலையோடு ஊர் பார்க்கப்போகிறதே என்ற கூச்சம். அதாவது, நாம் மூன்றாவது வேலையான நினைவுக்கு எடுக்கிறோம், அவர் இரண்டாவது வேலையான காட்டுவதற்கு எடுப்பதாக நினைக்கிறார். "ஆச்சி, ஸ்டேட்டஸ்ல போட மாட்டேன், எனக்கு மட்டும்தான்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள். சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும். அதற்கும் வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.

சண்டை வரும்போது கேட்க வேண்டியவை

"இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால் ரசனையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு அத்தைக்கு அனுப்ப" என்பதும் "பிள்ளை பெரியவனானப்புறம் பார்க்க" என்பதும் வேறு வேறு படம் என்று எதிரில் இருப்பவருக்கும் புரிந்துவிடும்.

எதை எடுப்பது என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது: இந்த வீட்டில் எது நாள்தோறும் நடக்கிறது, ஆனால் ஐந்து வருஷத்தில் நடக்காமல் போகலாம்? அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேப்பர் படிக்கும் மூலை. பிள்ளையின் பள்ளிக்கூடப் பை தொங்கும் ஆணி. அம்மாவின் அஞ்சறைப் பெட்டி, மூடியைத் திறந்து வைத்து. வாசலில் இருந்து தெருவைப் பார்த்து ஒன்று, தெருவில் இருந்து வாசலைப் பார்த்து ஒன்று. ஆட்களை ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டாம், பின்னணியைத் துடைத்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். தூண்டியாக வேலை செய்யப்போவது அந்தக் குப்பைதான்.

எடுத்ததில் சிலவற்றையாவது பிரிண்ட் போட்டு, பின்பக்கம் எழுதி, உயரமான இடத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்தால் கீழ்த்தட்டில் இருக்கும் ஆல்பம்தான் முதலில் போகும். பழைய பிரிண்டின் மேல்பூச்சு ஜெலட்டின், நனைந்தால் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் காயவைத்துப் பிய்க்காதீர்கள், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி பரப்பி நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

பின்பக்கம் எழுதும்போது இடம், வருஷம், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தாதீர்கள், முன்பக்கம் கோடு விழும். "ஆச்சி" என்று மட்டும் எழுதிவிட்டால் பேரன் பேத்திக்கு எந்த ஆச்சி என்று தெரியாது. முழுப்பெயரும் ஊரும் யாருக்கு என்ன முறை என்பதும் இருக்கட்டும்.